குடியாத்தத்தில் ரஷ்யாவுக்கு என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா தினமும் உக்ரைன் வீடியோ போடுகிறார். போன மாதம் வந்த ஒன்றில் பிரபல வெளிநாட்டுச் சேனலின் லோகோ இருந்தது. தேடிப் பார்த்தால் அந்தச் சேனலில் அப்படி ஒரு செய்தியே இல்லை. இதனால் அவருக்கும் மாமாவுக்கும் பேச்சு நின்றுபோய், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக்கூடத் தனித்தனியாக வந்தார்கள். வெளிநாட்டு அரசுகளே பொய் பரப்புவதாக எழுதியிருந்தீர்கள். குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் பார்ப்பவரை ஏமாற்றி ரஷ்யாவுக்கு என்ன ஆகப்போகிறது? நம்மூர் கட்சிகளின் ஐடி விங் போதாதா?

ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

உங்கள் சித்தப்பாவை யாரும் குறிவைத்திருக்க மாட்டார்கள். யாருக்கோ செய்த சரக்கு கைமாறிக் கைமாறி அவரிடம் வந்திருக்கும்.

2016 மே 21 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஓர் இஸ்லாமிய மையத்தின் எதிரே டெக்சாஸ் பற்றாளர்கள் சிலர் கொடியோடு கூடினார்கள். தெருவின் மறுபக்கம் அவர்களை எதிர்த்து இன்னொரு கூட்டம். நடுவே போலீஸ். இவர்களை வரச்சொன்னது ஒரு ஃபேஸ்புக் பக்கம், அவர்களை வரச்சொன்னது வேறொரு பக்கம். இரண்டையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே நிறுவனம். விளம்பரத்துக்கு ஆன செலவு சுமார் 200 டாலர்! அந்த நிறுவனத்தைத் தொடங்கியது தான்தான் என்று, ரஷ்ய அதிபர் புதினுக்கு நெருக்கமாக இருந்த தொழிலதிபர் பிரிகோஷின் 2023இல் ஒப்புக்கொண்டார். தெருவில் நின்று கத்தியவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள், கோபமும் அவர்களுடையதே. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்போம். இங்கே ஊரை ரெண்டாக்குவதும் கூத்தாடியே.

நம் பக்கம் வராமலும் இல்லை. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவமே தயாரித்தது என்ற கதையை சோவியத் உளவுத்துறை முதலில் அச்சேற்றியது 1983இல், டெல்லியின் ஓர் ஆங்கில நாளிதழில், பெயரில்லாத கடிதமாக. சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது நம் வேலூர் சி.எம்.சி.யில் தெரியவந்தது 1986இல். இந்தியாவில் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே வதந்தி வந்து இறங்கிவிட்டது.

ரஷ்யா மட்டும் என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் பிலிப்பைன்ஸ் மக்களிடம் சீனத் தடுப்பூசியைப் பற்றி அவநம்பிக்கை விதைக்க, அமெரிக்க ராணுவம் போலிக் கணக்குகளை நடத்தியது 2024இல் வெளியானது.

ஐடி விங் கேள்விக்கு வருகிறேன். போதும்தான். அவர்கள் நம்மை ஏற்கெனவே குழு குழுவாகப் பிரித்து வைத்திருப்பதால் வெளியாளுக்கு வேலை சுலபம்.

ஃபேஸ்புக் என்றால், பக்கத்தை நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் அதிலேயே பார்க்கலாம் (மறைக்கவும் வழி உண்டு). வாட்ஸ்அப்பில் அதுவும் கிடையாது. பலமுறை பகிரப்பட்டது என்று இரட்டை அம்புக்குறி காட்டும், அவ்வளவுதான். சித்தப்பாவைக் குழுவில் வைத்துத் திருத்தாதீர்கள், வீம்புக்கு இன்னும் நான்கு போடுவார். நேரில் போய், யார் அனுப்பியது என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், மாமா பதிலுக்குப் போடும் வீடியோக்கள் எங்கிருந்து வருகின்றன என்று நீங்கள் எழுதவில்லையே?