அரிசோனா பாலைவனத்தில் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் இந்தச் செடி நம்ம ஊர்த் துத்தியா?

இல்லைங்க. சாம்பல் பூத்த பச்சை இலை, ஆரஞ்சுப் பூ, வறண்ட சாலையோரம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது குளோப் மாலோ. தாவரவியல் பெயர் ஸ்ஃபெரால்சியா. அந்தப் பக்கம் அதிகம் காண்பது ஸ்ஃபெரால்சியா அம்பிகுவா. மொகாவி, சொனோரா பாலைவனங்களின் சொந்தச் செடி.

பிள்ளை வீட்டுக்குப் போன இடத்தில் பார்த்திருப்பீர்கள். துத்தி என்று நினைத்து இலையைப் பறித்துவிட்டீர்களோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். நான் தாவரவியல் படித்தவன் இல்லை. கோத்தகிரியில் 22 வருடமாக நர்சரி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் மார்ச் மாதம் அக்கா அரிசோனாவில் டூசான் ஊரில் மகன் வீட்டில் இருந்தாள். வாட்ஸப்பில் ஒரு பூவின் படம் வந்தது. "டேய், இது துத்திதானே?" அக்காவுக்கு மூலத் தொந்தரவு உண்டு. துத்தி இலையைச் சின்ன வெங்காயம் போட்டு வதக்கிச் சாப்பிடுவது எங்கள் வீட்டில் அம்மா காலத்துப் பழக்கம். பூவின் நடுவில் மகரந்தத் தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து குழாய் மாதிரி நின்றன. செம்பருத்தி, வெண்டை, பருத்தி, துத்தி எல்லாவற்றுக்கும் உள்ள குடும்ப அடையாளம் அது. அதை மட்டும் வைத்து "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டேன். இன்னொரு படம் கேட்கக்கூட இல்லை.

அக்கா ஒரு பை நிறையப் பறித்து, ஆய்ந்துகொண்டிருந்த கையோடு கண்ணைத் தேய்த்திருக்கிறாள். ராத்திரி முழுக்க எரிச்சல், கண்ணைத் திறக்க முடியவில்லை. காலையில் டாக்டரிடம் போனார்கள். "மாமா, இங்கே ஸ்பானிஷ் பேசுறவங்க இந்தச் செடிக்கே கண் நோய்னுதான் பேர் வெச்சிருக்காங்களாம்" என்று மருமகன் போனில் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இலைக்குச் சாம்பல் நிறம் தருவதே நட்சத்திர வடிவில் இருக்கும் நுண்ணிய சுணைதான். அது கண்ணில் பட்டால் உறுத்தும். இரண்டு நாளில் சரியானது, நல்லவேளை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பூவைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பச்சைப் புல்லி இதழ்களுக்கும் கீழே மெல்லிய நூல் மாதிரி மூன்று செதில்கள் இருந்தால் அது குளோப் மாலோ. துத்தியில் அந்தச் செதில்கள் கிடையாது. இது ஒன்றைத் தெரிந்திருந்தால் அன்றைக்கு அக்காவுக்கு அந்த அவஸ்தை இருந்திருக்காது. காயையும் பாருங்கள்: துண்டு துண்டாகப் பிரியும் சின்ன உருண்டை, ஒவ்வொரு துண்டும் கீழ்ப்பாதியில் வலைபோல் சொரசொரப்பாகவும் மேலே வழுவழுப்பாகவும் இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், இதே இனம் ரோஜா, ஊதா நிறங்களிலும் பூக்கும்.

"அரிசோனாவிலும் துத்தி இனம் உண்டே" என்று யாராவது கேட்பீர்கள். உண்டு, அபுடிலான் பால்மெரி. மறுக்கவில்லை. அதனால்தான் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தப் பூவின் படத்தைப் பார்த்த ரிசார்ட் காரர் ஒருவர், அதன் விதையை மருமகனிடம் சொல்லித் தருவித்துத் தரச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்கிறார். மாட்டேன். அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி முதுமலைக் காட்டை என்ன செய்திருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். சீகை மரத்தை (சீகைக்காய் இல்லை, வெளிநாட்டு வாட்டில் மரம்) நட்டு நம் நீலகிரிப் புல்வெளிகளைத் தொலைத்தோம். வெளிநாட்டுப் பூவுக்கு ஆசைப்படும் அதே ஆட்கள் மேட்டுப்பாளையம் ரோட்டோரத்தில் சாயங்காலம் மஞ்சளாய் விரியும் துத்தியைக் களை என்று பிடுங்கிப் போடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

சரி, உங்கள் செடிக்கு வருகிறேன். பூவின் அடிப்பக்கம் ஒன்று, காய் ஒன்று என இரண்டு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். தொட்டிருந்தால் முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள்.