ஒரே ஒரு புராசஸை மட்டும் கண்காணிப்பது எப்படி?

கேள்வி: உபுண்டு சர்வரில் ஒரு பைத்தான் சேவை ஓடுகிறது. காலையில் நன்றாக இருக்கிறது, மாலைக்குள் மந்தமாகிவிடுகிறது. டாப் கட்டளையைப் போட்டால் நூற்றுக்கணக்கில் புராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) வருகின்றன. இந்த ஒன்றை மட்டும் கவனிக்க என்ன கருவி?

பதில்: அந்த டாப்பே இதைச் செய்யும், பி.ஐ.டி. எண்ணை, அதாவது ஒவ்வொரு புராசஸுக்கும் சிஸ்டம் தரும் அடையாள எண்ணைக் கொடுத்தால் போதும். பிக்ரெப் கட்டளையில் -எஃப் சேர்த்து ஸ்கிரிப்டின் பெயரைத் தந்தால் எண் கிடைக்கும். அது 4182 என்று வைத்துக்கொள்வோம். ‘டாப் -பி 4182’ என்றால் அந்த ஒரு வரி மட்டும் வரும். பெரிய எழுத்து எச் அழுத்தினால் திரெட் திரெட்டாக (புராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் இழைகளாக) பிரித்துக் காட்டும்.

சிபியு சதவீதத்தை மட்டும் பிஎஸ் கட்டளையில் பார்க்காதீர்கள். அது புராசஸ் தொடங்கிய நாளிலிருந்து எடுத்த சராசரி. மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு இந்த நிமிடம் 100 சதவீதம் எரித்தாலும் அதில் சொற்பமாகத்தான் தெரியும்.

சரி, உங்கள் பிரச்சினை காலைக்கும் மாலைக்கும் நடுவில் நடக்கிறது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு யார் உட்காருவது? அதற்குத்தான் பிட்ஸ்டாட். சிஸ்ஸ்டாட் என்ற பேக்கேஜை நிறுவினால் கூடவே வரும். ‘பிட்ஸ்டாட் -எச் -யு -ஆர் -டி -பி 4182 60’ என்று (எல்லாம் சிறிய எழுத்தில்) கொடுத்து, வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். நிமிடத்துக்கு ஒரு வரி: சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றும் அதிலேயே. லாக்-அவுட் ஆனாலும் ஓட வேண்டுமென்றால் முன்னால் நோஹப் போடுங்கள்.

மாலையில் ஆர்எஸ்எஸ் பத்தியை மேலிருந்து கீழாகப் படியுங்கள். புராசஸ் உண்மையில் பிடித்திருக்கும் மெமரி அது. ஏறிக்கொண்டே போய் இறங்கவே இல்லை என்றால் மெமரி லீக், அதாவது எடுத்த மெமரியை நிரல் திருப்பித் தரவில்லை என்று சந்தேகிக்கலாம். ஆர்எஸ்எஸ் ஏறாமல் மேஜர் ஃபால்ட் (மெமரியில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுத்துவர வேண்டிய தடவைகள்) மட்டும் எகிறினால் பெரும்பாலும் சர்வரிலேயே மெமரி போதவில்லை. குற்றவாளி வேறு புராசஸாக இருக்கலாம். விஎஸ்இசட் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், அது ஒதுக்கிவைத்த முகவரிக் கணக்குதான். நடுவில் சேவை ரீஸ்டார்ட் ஆனால் பி.ஐ.டி. மாறிவிடும், பதிவு நின்றுபோகும். அப்படி நடக்குமென்றால் -பிக்குப் பதிலாகப் பெரிய எழுத்து சி போட்டுப் புராசஸ் பெயரைக் கொடுங்கள். பெயர் வெறும் பைத்தான் என்றால் மற்ற பைத்தான் புராசஸ்களும் சேர்ந்து வரும்.

புதிதாக எதையும் நிறுவ அனுமதி இல்லையா? ‘/ப்ராக்/4182/ஸ்டேட்டஸ்’ ஃபைலைத் திறந்து பாருங்கள். விஎம்ஆர்எஸ்எஸ் இப்போதைய மெமரி, விஎம்எச்டபிள்யூஎம் இதுவரை தொட்ட உச்சம். பக்கத்திலேயே எஃப்டி என்ற அடைவு இருக்கும். புராசஸ் திறந்துவைத்திருப்பவற்றின் பட்டியல் அது. அதில் உள்ளவை மணிக்கு மணி பெருகினால், நிரல் திறந்த ஃபைலையோ சாக்கெட்டையோ (நெட்வொர்க் இணைப்பையோ) மூடாமல் விடுகிறது. வரம்பு பல இடங்களில் 1024தான். அதைத் தொட்டால் புதிதாக எதையும் திறக்க முடியாது.

சிபியு பூஜ்ஜியத்தில் இருக்கிறது, ஆனாலும் பதில் வரவில்லை என்றால் ‘எஸ்ட்ரேஸ் -பி 4182’ போடுங்கள், சூடோ (நிர்வாகி அனுமதி) தேவைப்படும். புராசஸ் இயங்குதளத்திடம் கேட்பதை எல்லாம் அது வரி வரியாகக் காட்டும். ரெக்வ்ஃப்ரம் என்று ஒரு வரி பாதியிலேயே நின்றால், மறுமுனையின் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். அந்த மறுமுனை எது என்பதை ‘எல்எஸ்ஓஎஃப் -பி 4182’ சொல்லும்; பல சமயம் அது டேட்டாபேஸாக இருக்கும். எஸ்ட்ரேஸ் புராசஸை நன்றாகவே மெதுவாக்கும், அதனால் ஓடும் சர்வரில் சில நொடி பார்த்துவிட்டு கண்ட்ரோல்-சி கொடுத்துவிடுங்கள்.