வாழ்த்து வேண்டும், வாடகைக்கு வீடு இல்லை

வாசகர் கேள்வி – பதில்

பாகிஸ்தானில் ‘குவாஜா சிரா’ என்று அழைக்கப்படும் திருநங்கையரைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான அரைப்பக்கக் குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள், அந்தக் குறிப்பைவிடப் பல மடங்கு நீளமானவை. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்ததால், அவற்றைச் சேர்த்து ஆறு கேள்விகளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: இந்திய உச்ச நீதிமன்றம் திருநங்கையரை மூன்றாம் பாலினமாக ஏற்றுக்கொண்டது 2014-இல். மதச் சட்டத்துக்கு இவ்வளவு செல்வாக்குள்ள பாகிஸ்தானில் அதற்கும் முன்பே அடையாள அட்டை கிடைத்தது எப்படி? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வழக்குத் தொடுத்தவர் யார் என்று பார்த்தால் உங்கள் வியப்பு இன்னும் கூடும். அவர் அஸ்லம் காக்கி என்ற வழக்கறிஞர்; இஸ்லாமியச் சட்டத்தில் புலமை பெற்றவர். நாம் பள்ளியில் தட்சசீலம் என்று படித்த டாக்ஸிலாவில், 2009-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நடனமாடப் போன குவாஜா சிராக்களைப் போலீசார் பிடித்துக்கொண்டுபோய்த் துன்புறுத்தியதாகச் செய்தி வந்தது. இவர்களுக்கும் குடிமக்களுக்குரிய உரிமை உண்டா இல்லையா என்று கேட்டு அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தலைமை நீதிபதி இஃப்திகார் முகம்மது சவுத்ரியின் அமர்வு, 2009 முதல் 2012 வரை ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவுகளைப் பிறப்பித்து, அடையாள அட்டை, வாக்காளர் பட்டியல், சொத்தில் பங்கு, கல்வி என்று எல்லாவற்றிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. 2013 பொதுத்தேர்தலில் கராச்சியில் பிந்தியா ராணா என்ற குவாஜா சிரா வேட்பாளராகவே நின்றார். 2018-இல் நாடாளுமன்றம் இவர்களுடைய உரிமைகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றியது.

அந்த உத்தரவுகளிடையே எனக்கு மறக்காத ஒன்று உண்டு. இவர்களுக்கு வேலை கொடுக்க என்ன வழி என்ற பேச்சு வந்தபோது, வரிபாக்கி வசூலுக்கு இவர்களை அனுப்பலாம் என்ற யோசனையை நீதிமன்றமே முன்வைத்தது. இந்தியாவில் பீகாரில் அப்படிச் செய்திருந்தார்கள். பாக்கி வைத்தவர் வீட்டு வாசலில் நாலு பேர் நின்று கைதட்டிப் பாடினால், தெருவே வேடிக்கை பார்க்குமே என்று அஞ்சிப் பணத்தைக் கட்டிவிடுவார் என்பதுதான் கணக்கு. ஒரு கையால் குடியுரிமையைக் கொடுத்த அதே நீதிமன்றம், மறு கையால் ஊரார் அவர்களிடம் காட்டும் கூச்சத்தையே அவர்களுக்குப் பிழைப்பாகவும் கொடுத்தது. நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அட்டை வாங்குவதும் எளிதாக இருக்கவில்லை. விண்ணப்பத்தில் தந்தை பெயர் கேட்பார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர் எந்தத் தந்தையின் அட்டையைக் கொண்டுவந்து காட்டுவார்? 2017-இல் லாகூர் உயர் நீதிமன்றத்துக்கு இந்தச் சிக்கல் வந்த பிறகுதான், தந்தையின் இடத்தில், அவர்களைச் சேர்த்துக்கொண்ட மூத்த திருநங்கையான குருவின் பெயரை எழுதலாம் என்று வழிவிட்டார்கள்.

கேள்வி: பக்தி மிகுந்த சமூகம் இவர்களை வெறுக்கத்தானே செய்யும்? அப்படியிருக்க, குழந்தை பிறந்த வீட்டில் இவர்களை அழைத்து ஆசி பெறுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே? (வாசகி, தேனி)

பதில்: வெறுப்பு என்ற ஒரு சொல்லுக்குள் இது அடங்காது. ஆண் குழந்தை பிறந்த வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் குவாஜா சிராக்கள் டோலக்கோடு வந்து பாடி ஆடி, குழந்தையைக் கையில் வாங்கி வாழ்த்திவிட்டுப் போவார்கள். அதற்குக் கொடுக்கும் பணத்துக்குப் ‘பதாயி’ என்று பெயர். பிள்ளைப்பேறு அற்றவர்களின் துஆவை, அதாவது பிரார்த்தனையை, இறைவன் தட்டமாட்டான் என்ற நம்பிக்கை பஞ்சாபிலும் சிந்துவிலும் ஆழமாக வேரூன்றியது. அவர்கள் சாபமிட்டால் பலித்துவிடும் என்ற அச்சமும் அதே அளவுக்கு உண்டு. வரலாற்றிலும் அவர்களுக்கு இடம் இருந்தது. முகலாய அரண்மனைகளில் அந்தப்புரக் காவலையும் நிர்வாகத்தையும் பார்த்த அலிகளுக்குரிய பட்டப்பெயர்தான் குவாஜா சிரா. மதீனாவில் நபிகளின் பள்ளிவாசலுக்கே பல நூற்றாண்டுகள் காவலிருந்தவர்கள் ‘அகவாத்’ எனப்பட்ட அலிகள். ஆங்கிலேயர்தாம் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதியாக, பஞ்சாப் உள்ளிட்ட வடபகுதிகளில் இவர்களைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அப்படிப் பதிவானவர் பெண் உடையில் தெருவில் நடந்தாலோ கூலிக்கு ஆடினாலோ 2 ஆண்டுவரை சிறை என்றும், தத்தெடுக்கவோ உயில் எழுதவோ கூடாது என்றும் விதித்தார்கள்.

ஆனால் பழைய மரியாதையை நினைத்து உருகிவிடவும் வேண்டாம். அந்த மரியாதைக்கு எப்போதும் ஓர் எல்லை இருந்தது: வந்து வாழ்த்து, ஆடு, வாங்கிக்கொண்டு போ. வாசலோடு சரி. ஆசி வாங்கிய அதே வீட்டுக்காரர், மாடி காலியாக இருக்கிறதா என்று அவர்கள் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். (நம் ஊரிலும் கடைக்குத் திருஷ்டி கழிக்கத் திருநங்கையைக் கூப்பிடும் முதலாளி, அவரைக் கல்லாவில் உட்கார வைப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.) அதனால் அவர்கள் ‘டேரா’ என்று சொல்லும் வீடுகளில், ஒரு குருவின் கீழ் பல சேலாக்களாக, அதாவது சீடர்களாக, சேர்ந்து வாழ்கிறார்கள். சம்பாத்தியத்தில் குருவுக்குப் பங்கு உண்டு; நோயில் பார்ப்பதும், போலீஸ் பிடித்தால் மீட்பதும், இறந்தால் எடுத்து அடக்குவதும் குருவின் பொறுப்பு. தாய்வீடும் அதுதான், சில நேரம் கடன்காரர் வீடும் அதுதான். ஒரு டேராவிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், புதிய குரு பழைய குருவுக்குப் பணம் கட்டியாக வேண்டும்.

வடமேற்கே, பஷ்தூன் இனத்தார் வாழும் பெஷாவர் பக்கம் நிலைமை இன்னும் கடுமை. பஷ்தூன் கல்யாணங்களில் ஆண்கள் ‘ஹுஜ்ரா’ என்ற விருந்தினர் முற்றத்தில் தனியாகக் கூடுவார்கள். பர்தா வழக்கப்படி பெண்கள் அங்கே வரமுடியாது. எனவே ஆட வருபவர்கள் திருநங்கையர். தலைக்கு மேல் ரூபாய் நோட்டுகளை வீசுவார்கள், வானத்தை நோக்கிச் சுடுவார்கள், விடிந்ததும் அதே ஆட்கள் தெருவில் இழிவாகப் பேசுவார்கள். மாமூல் கேட்டு மிரட்டும் கும்பல்களும், ‘என்னைத் தவிர யார் முன்னும் ஆடாதே’ என்று துப்பாக்கி காட்டும் ‘நண்பர்’களும் அங்கே பெரிய அச்சுறுத்தல். 2016 மே மாதம், அலிஷா என்ற 23 வயதுச் செயல்பாட்டாளர் சுடப்பட்டுப் பெஷாவரின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். ஆண்கள் வார்டில் சேர்ப்பதா, பெண்கள் வார்டில் சேர்ப்பதா என்று முடிவாகாமல், கட்டில் இங்கும் அங்குமாக அலைந்தது. காத்திருந்த தோழியரிடம், ஆட்டத்துக்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்று அங்கேயே ஒருவர் விசாரித்தாராம். சில நாட்களில் அலிஷா இறந்துபோனார். மூன்றாம் பாலினம் என்று அட்டை கொடுத்த நாட்டில், மூன்றாவதாக ஒரு கட்டிலுக்கு இடம் இருக்கவில்லை.

கேள்வி: இவர்கள் இறந்தால் நள்ளிரவில் யாருக்கும் தெரியாமல் புதைப்பார்கள், சடலத்தைச் செருப்பால் அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? (வாசகர், சிவகாசி)

பதில்: இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஒரே மாதிரி உலவும் கட்டுக்கதை இது. இரவில் அடக்கம் நடப்பதுண்டு. பகலில் எடுத்துப்போனால் தொழுகைக்கு இமாம் வருவாரா, கூட்டம் கூடி வேடிக்கை பார்க்குமா என்ற கவலையே அதற்குக் காரணம். 2016 ஜூனில் லாகூரை மையமாகக் கொண்ட ‘தன்ஸீம் இத்திஹாதே உம்மத்’ அமைப்பின் 50 மார்க்க அறிஞர்கள் அளித்த ஃபத்வாவில், அதாவது மார்க்கத் தீர்ப்பில், எல்லா முஸ்லிம்களுக்கும் செய்யும் இறுதிக் கடன்களே இவர்களுக்கும் உரியவை என்றும், பெற்ற பிள்ளைக்குச் சொத்தில் பங்கு தராத பெற்றோர் இறைவனின் கோபத்துக்கு ஆளாவார்கள் என்றும் சொன்னார்கள்.

கேள்வி: மார்க்க அறிஞர்களே இவ்வளவு தூரம் வந்துவிட்ட பிறகு, 2018 சட்டத்தை ஷரீஅத் நீதிமன்றம் ஏன் செல்லாது என்றது? (வாசகி, திருச்சி)

பதில்: சட்டம் முழுவதும் செல்லாது என்று சொல்லவில்லை. சட்டங்கள் இஸ்லாத்துக்கு ஒத்துவருகின்றனவா என்று பார்க்கும் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் 2023 மே 19 அன்று அளித்த தீர்ப்பு முக்கியமாகக் கைவைத்தது இவற்றில்தான்: பாலின அடையாளம் என்றால் என்ன என்ற விளக்கம், தான் உணரும் பாலினத்தைத் தானே அறிவித்து அட்டை பெறலாம் என்ற 3-ஆம் பிரிவு, அந்த அட்டைப்படி சொத்தைப் பிரிக்கலாம் என்ற 7-ஆம் பிரிவு. மற்ற பாதுகாப்புகளை அரசு தரத்தான் வேண்டும் என்றே நீதிமன்றமும் கூறியது. தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடும் செய்யப்பட்டிருக்கிறது.

இங்கே ‘குன்ஸா’ என்ற அரபுச் சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண், பெண் இரு உறுப்புக்கூறுகளோடும் பிறந்தவரைக் குறிக்கும் சொல் இது. இவருக்கு எந்த வரிசையில் நின்று தொழுகை, எவ்வளவு பாகப்பிரிவினை என்று பழைய மார்க்கச் சட்ட நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. ஆகவே உடலால் வேறுபட்டுப் பிறந்தவருக்கு அந்த மரபில் இடம் உண்டு. உடலில் எந்த ஐயமும் இல்லாமல், மனத்தால் தன்னைப் பெண் என்று உணர்பவருக்கு அந்த இடத்தைக் கொடுக்க மறுக்கிறார்கள். ஷரீஅத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. 2018 சட்டமோ, அட்டையில் ஆண் என்றிருந்தால் ஆணின் பங்கு, பெண் என்றிருந்தால் பெண்ணின் பங்கு, இரண்டும் இல்லை என்றால் இரண்டின் சராசரி என்று கணக்குப் போட்டது. தன் வாயால் சொல்லிச் சொத்தின் அளவை மாற்றிக்கொள்ளலாமா என்று கேள்வி எழுந்ததும், அதுவரை சும்மா இருந்த பலர் விழித்துக்கொண்டார்கள். ஜமாஅத்தே இஸ்லாமி என்ற மதக் கட்சியின் செனட்டர் முஷ்தாக் அகமது கான், மருத்துவக் குழு சோதித்துச் சொல்ல வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார்.

எதிர்ப்பாளர்கள் பெரிதும் காட்டிய எண்ணிக்கை ஒன்று: 2018-க்கும் 2021-க்கும் இடையே 28,723 பேர் அட்டையில் பாலினத்தை மாற்றிவிட்டார்கள் என்பது. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஆண் என்பதைப் பெண் என்றும், பெண் என்பதை ஆண் என்றும் தவறாகப் பதிந்ததைத் திருத்தியவை. மூன்றாம் பாலினத்துக்கு மாறியவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதற்கட்ட முடிவு அந்த நாட்டின் திருநர்களை 10,418 என்றது. அது மிகக் குறைவு என்று அவர்களே சொல்கிறார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குவாஜா சிரா சமூகத்தின் மூத்தவர்கள் சிலரே இந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் பக்கம் நின்றார்கள். பிறவியிலேயே இப்படி என்று ஊர் நம்புவதால் கிடைக்கும் இரக்கத்தைக் கொண்டுதான் அவர்கள் இத்தனை காலம் பிழைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை உடைந்தால் வாசலும் அடைபடும் என்ற அவர்களுடைய அச்சத்தை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் இரக்கம் கேட்டவரை விட்டுவைத்த ஊர், உரிமை கேட்டவரை விட்டுவைக்கவில்லை. 2018-இல் லாகூரில் முதல் திருநங்கைச் செய்தி வாசிப்பாளராகத் திரையில் வந்த மார்வியா மாலிக் மீது, 2023 பிப்ரவரியில் அவர் வீட்டருகே துப்பாக்கிச் சூடு நடந்தது. அவர் உயிர் தப்பினார்.

கேள்வி: இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் மதத்தை விடாமல் இருப்பது ஏன்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: விட வேண்டும் என்று நாம் ஏன் எதிர்பார்க்கிறோம்? தொழுகை அவர்களுடையதும்தான். பலர் ஹஜ் போக ஏங்குகிறார்கள். அட்டையில் மூன்றாம் பாலினத்துக்குரிய ‘எக்ஸ்’ இருந்தால் சவூதி விசாவுக்குச் சிக்கல் என்பதால், போராடிப் பெறக்கூடிய அந்த எழுத்தை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, ஆண் என்ற அட்டையையே வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

இஸ்லாமாபாத்தில் ராணி கான் என்பவர் 2020 அக்டோபரில், தன் சேமிப்பைப் போட்டு இரண்டு அறைகளில் திருநங்கையருக்கென்றே ஒரு மதரஸா தொடங்கினார். பதின்மூன்று வயதில் வீட்டார் கைவிட, பிச்சை எடுத்து, பிறகு கல்யாணங்களில் ஆடிப் பிழைத்தவர். இறந்துபோன ஆட்டத் தோழி கனவில் வந்து, நம்மவர்களுக்கு ஏதாவது செய் என்று கேட்டதாகச் சொல்கிறார். தலையில் நீண்ட வெள்ளைத் துணியைப் போர்த்துக்கொண்டு அவர் குர்ஆன் ஓதிக்கொடுக்க, மாணவிகள் திருப்பிச் சொல்கிறார்கள். பாடம் முடிந்தால் தையலும் பூவேலைப்பாடும். மற்ற மதரஸாக்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்களை வரவேற்பதில்லை என்பதால்தான் இது தேவைப்பட்டது என்கிறார்.

கேள்வி: நம் ஊர்த் திருநங்கையருக்கும் அவர்களுக்கும் தொடர்பு ஏதேனும் உண்டா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: உங்கள் ஊர்ப் பக்கமே கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ள வருபவர்கள், தங்கள் கூட்டத்தை ‘ஜமாத்’ என்றுதான் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டிருப்பீர்கள். குரு, சேலா என்ற முறையும் பொது. ஆணுறுப்பை நீக்கும் அறுவை செய்துகொண்டவரை ‘நிர்வாணம்’ என்றும், செய்துகொள்ளாதவரை ‘அக்குவா’ என்றும் சென்னையில் சொல்வார்கள். லாகூரில் அதே சொற்கள் நிர்பான், அக்வா என்று ஒலிக்கின்றன. வெளியாருக்குப் புரியாமல் தங்களுக்குள் பேசும் மொழியை அங்கே ‘ஃபார்ஸி’, அதாவது பாரசீகம் என்கிறார்கள். பாரசீகத்தோடு அதற்குப் பெயரில் மட்டும்தான் உறவு.