காசு கட்டியாச்சு, டிக்கெட் எங்கே?

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கத்தில், இங்கிலாந்தில் பிள்ளையோ பேரனோ இல்லாத வீட்டை இப்போது தேடத்தான் வேண்டும். என் மகளும் லீட்ஸில் இருக்கிறாள். ஒன்பது தடவை போய் வந்ததில் அங்குள்ள ரயில் டிக்கெட் மெஷினோடு நான் பட்ட பாடு கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்னதானத்துக்கு உட்கார்ந்தால் போதும், பக்கத்து இலையிலிருந்து ஒரு கேள்வி வரும். அப்படிக் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

மெரிபேங்க் அம்மா ஒருவர்: மகன் ஆன்லைனில் காசு கட்டிவிட்டான், மெயிலும் வந்துவிட்டது. அந்த மெயிலைப் போனில் காட்டினால் ஏற விடமாட்டார்களா?

அம்மா, முதலில் அந்த மெயிலை நன்றாகப் பாருங்கள். புள்ளிக்கோலம் மாதிரி ஒரு சதுரம் உள்ளே இருந்தால் அதுதான் டிக்கெட். போனில் காட்டலாம், வீட்டிலேயே அச்சடித்தும் கொண்டு போகலாம், மெஷின் பக்கமே போக வேண்டாம். சதுரம் எதுவும் இல்லாமல், ஸ்டேஷனில் எடுத்துக்கொள்ளச் சொல்லி எட்டு எழுத்துக் குறியீடு மட்டும் இருந்தால், அந்த மெயில் டிக்கெட் இல்லை. கல்யாணப் பத்திரிகை கையில் இருப்பதால் சாப்பிட்டதாகிவிடுமா? மெயிலை மட்டும் வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் 2023 ஜனவரியிலிருந்து அபராதம் 100 பவுண்ட், அதற்கு மேல் ஒரு வழிக் கட்டணமும் உண்டு. 21 நாளுக்குள் கட்டினால் அந்த 100 பாதியாகும். ரேண்டில் பெருக்கிப் பார்க்காதீர்கள், தலை சுற்றும்.

பீனிக்ஸ் தம்பி: அண்ணே, மாமா அவருடைய கார்டில் வாங்கிக் குறியீட்டை எனக்கு அனுப்பிவிட்டார். என்னிடம் இருப்பது இங்கத்திய கார்டு. மெஷின் ஏற்குமா?

பெரும்பாலும் ஏற்கும் தம்பி. முன்பெல்லாம் காசு கட்டிய அதே கார்டைத்தான் நுழைக்க வேண்டும். இப்போது பெரும்பாலான இடத்தில் ஏதாவது ஒரு வங்கிக் கார்டு போதும். கதவைத் திறக்கும் சாவி அந்தக் குறியீடுதான். கார்டைக் கேட்கிறதே என்று பயப்படாதே, அதிலிருந்து காசு எடுக்காது. ஆனால் ஒரு சில விற்பனைத் தளங்கள் வாங்கிய கார்டேதான் வேண்டும் என்று இன்னமும் பிடிவாதம் பிடிக்கும். அது மெயிலில் எழுதியிருக்கும், மாமாவை ஒரு தடவை படித்துச் சொல்லச் சொல்.

வெருலத்திலிருந்து ஒருவர்: போன தடவை குறியீட்டை மூன்று முறை அடித்தேன், "இல்லை" என்றே சொன்னது. பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பெருமூச்சு எனக்கும் பழக்கம். நீங்கள் அடித்தது ஆர்டர் எண்ணாக இருந்திருக்கும். மெயிலில் இரண்டு எண் இருக்கும். மேலே பெரிதாகக் கண்ணில் படுவது வாங்கியதற்கான எண், மெஷினுக்கு அது தெரியாது. கீழே எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் எட்டாக இருப்பதுதான் நமக்கு வேண்டியது. அப்புறம், ஓ என்ற எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றி அடித்தாலும் இதே கதைதான். காசு கட்டிய கையோடு மெஷினுக்கு ஓடினாலும் சில சமயம் தகவல் இன்னும் வந்து சேர்ந்திருக்காது, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். இன்னொன்று, லண்டனில் சிவப்பு வட்டத்தில் நீலப் பட்டை போட்ட சுரங்க ரயில் மெஷினில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எதிரெதிரே போகும் இரண்டு அம்பு சேர்ந்த குறி உள்ள ரயில் ஸ்டேஷனுக்குப் போங்கள். அங்கே மெஷின் எந்தக் கம்பெனியின் நிறத்தில் இருந்தாலும் பெரும்பாலும் உங்கள் டிக்கெட்டைத் தரும்.

லெனேஷியா அக்கா: நாங்கள் இரண்டு பேர், போக வர. எத்தனை சீட்டு வரும்?

அக்கா, என்னை மாட்டிவிட்ட விஷயமே இதுதான், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். போகும் டிக்கெட் ஆளுக்கு ஒன்று, வரும் டிக்கெட் ஆளுக்கு ஒன்று, ஆக நாலு. இருக்கை முன்பதிவு தனிச் சீட்டாக வந்தால் அது வேறு நாலு. கடைசியில் ரசீது. ஒன்பது வரை போகலாம். இருக்கையும் டிக்கெட்டும் ஒரே சீட்டில் வந்தால் குறையும். எல்லாம் வங்கிக் கார்டு அளவுதான், மேலும் கீழும் ஆரஞ்சுப் பட்டை, பார்த்தால் ஒன்று போலவே இருக்கும்.

முதல் தடவை நானும் மனைவியும் போனபோது, பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் தட்டில் டப் டப் என்று நாலு சீட்டு விழுந்தது. சத்தம் நின்றது. நாலையும் அள்ளிக்கொண்டு பெட்டியை இழுத்தபடி கேட்டுக்கு வந்துவிட்டேன். மனைவிதான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "இதில் திரும்பி வருவதற்கு ஒன்றும் இல்லையே" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தால் துடைப்பத்தோடு நின்ற ஒரு அம்மா மீதி சீட்டுகளைக் கையில் விசிறி மாதிரி பிடித்தபடி யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் மூச்சு விட்டதை முடித்ததாக நினைத்தது என் தப்பு. திரையில் முடிந்தது என்று வரும்வரை நகராதீர்கள். தட்டுக்குள் கையை விட்டுத் துழாவுங்கள், ஒன்று பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கும். அங்கேயே நின்று எண்ணுங்கள். ஒரு குறியீட்டுக்கு ஒரு தடவைதான் அச்சடிக்கும், தொலைத்துவிட்டால் திரும்பக் கேட்க முடியாது.

டொங்காட் அண்ணன்: காலை ஆறு மணிக்கு ஹீத்ரோவில் இறங்குகிறேன். கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து எட்டரை மணி ரயிலுக்கு மலிவாக ஒரு டிக்கெட் இருக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம் அண்ணே. அது அட்வான்ஸ் டிக்கெட், அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். விமானம் தாமதம், குடியேற்ற வரிசை, பெட்டி, அப்புறம் ஹீத்ரோவிலிருந்து கிங்ஸ் கிராஸுக்குச் சுரங்க ரயிலில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், மெஷின் முன்னால் வரிசை. ரயிலை விட்டால் டிக்கெட்டும் போச்சு, அடுத்ததற்குப் புதுசு வாங்க வேண்டும். வந்து இறங்கும் நாளுக்கு மட்டும் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட்டை வாங்குங்கள், கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை. திரும்பும் நாளுக்கு மலிவைப் பாருங்கள். கைக்கடிகாரத்தையும் மாற்ற மறக்காதீர்கள். அவர்கள் கோடையில் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அம்மா: தங்கை இருப்பது சின்ன ஊர், ஸ்டேஷனில் மெஷினே கிடையாதாம். அங்கிருந்து திரும்புவது எப்படி?

போகும்போதே பெரிய ஸ்டேஷனில் வருகைக்கான டிக்கெட்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். ஏறுகிற ஸ்டேஷனில்தான் எடுக்க வேண்டும் என்று பெரும்பாலும் கட்டாயம் இல்லை, முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளலாம். மெஷின் பழுதென்றால் டிக்கெட் கவுண்டரில் குறியீட்டைக் காட்டிக் கேளுங்கள். கவுண்டரும் பூட்டியிருந்தால் மெஷின் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஏறுவதற்கு முன் ஊழியர் யாராவது கண்ணில் பட்டால் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

அதே அம்மா: அறுபது தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டா?

உண்டு. சீனியர் ரயில்கார்டு, வருடத்துக்கு 35 பவுண்ட், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நீண்ட தூரம் ஒரு தடவை போய் வந்தாலே போட்ட காசு வந்துவிடலாம். ஆனால் சலுகையில் வாங்கிய டிக்கெட்டோடு அந்தக் கார்டும் கையில் இருக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர்: சவுத்ஹாம்ப்டனிலிருந்து லீட்ஸ் போகிறோம். லண்டனில் ஸ்டேஷன் மாற வேண்டுமாம். சுரங்க ரயிலுக்குத் தனிக் காசா?

டிக்கெட்டில் சின்னதாகச் சிலுவை போன்ற ஒரு குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வாட்டர்லூவிலிருந்து கிங்ஸ் கிராஸ் வரை சுரங்க ரயிலும் அதே காசில் அடக்கம். கேட்டில் சீட்டை முன்புறத் துளையில் விட்டால் மேலே எட்டிப் பார்க்கும், அதை எடுத்தால்தான் கதவு திறக்கும். குடும்பம் முழுக்க ஒரே சீட்டைக் கைமாற்றி நுழைய முடியாது, ஆளுக்கு ஒன்று. ஊர் போய்ச் சேர்ந்ததும் கடைசி கேட் சீட்டை விழுங்கிவிடும். ரயில் தாமதமாகி நஷ்ட ஈடு கேட்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னாலேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.

ரயில்வே ஊழியர் குடியிருப்பான ரயில்வே பாரக்ஸில் பிறந்து வளர்ந்த தாத்தா ஒருவர்: நம் ஆட்கள் நேட்டால் ரயில்வேயில் வேலை பார்த்த காலத்தில் கவுண்டரில் காசு, கையில் டிக்கெட். ஜோகன்னஸ்பர்க் கவுட்ரைன் ரயிலில்கூடக் கார்டைத் தொட்டால் கதவு திறக்கிறது. இவர்களுக்கு ஏன் இத்தனை சுற்று?

நியாயமான கேள்வி தாத்தா. லண்டனுக்குள் அவர்களும் வங்கிக் கார்டைத் தொட்டுத்தான் போகிறார்கள். தூரப் பயணத்தில் எந்த ரயில், எத்தனை நாள் முன்னால் வாங்கியது என்பதை வைத்து ஒரே இருக்கைக்குப் பல விலை. தொட்டால் எந்த விலையைப் பிடிப்பது? கவுண்டர் இன்னும் இருக்கிறது, நீங்கள் நேரே அங்கே போகலாம். என்ன, முன்கூட்டி வாங்கும் மலிவு விலை அன்றைக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

மெரிபேங்க் அம்மாவே மறுபடியும்: டிக்கெட்டை அங்கே போய் வாங்கலாமா, இங்கேயே வாங்கிவிடலாமா?

இங்கேயே வாங்கிவிடுங்கள். நம் வங்கி ஒப்புதல் கேட்டு உங்கள் எண்ணுக்குத்தான் தகவல் அனுப்பும். அங்கே இறங்கிப் போனில் வேறு சிம் போட்டுவிட்டால் அது வராமலே போகலாம், பணமும் போகாது, டிக்கெட்டும் வராது. வெளிநாட்டில் கார்டு வேலை செய்யும்படி வங்கியில் முன்னாலேயே சொல்லி வையுங்கள். அந்த எட்டு எழுத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி வளையல் டப்பாவில் வைக்கிறாள், அதுவும் சரிதான்.