வெளிநாட்டு வல்லுநர்கள் வந்து நிலப்பதிவைச் சீரமைத்ததால் எந்த நாட்டு மக்களாவது உண்மையில் பலன் பெற்றிருக்கிறார்களா?

பெற்றிருக்கிறார்கள். ருவாண்டாவைத் தயங்காமல் சொல்வேன். கேட்டவர் ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் (வரைபட, இடத் தரவுகளைக் கணினியில் கையாளும் துறை) மாணவர் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் நெதர்லாந்தில் என்ஸ்கடே நகரிலுள்ள ஐடிசி என்ற நில அளவை, வரைபடக் கல்வி நிறுவனத்தில் நில நிர்வாகம் படித்தவன். ருவாண்டா, நேபாளம், எத்தியோப்பியா, கானா என்று பல நாட்டு நில அளவைத் துறைக்காரர்கள் கூடப் படித்தார்கள். கீழே எழுதுவதில் பாதி அவர்களோடு பேசித் தெரிந்துகொண்டது, மீதி படித்தது.

1994 இனப்படுகொலை முடிந்தபோது ருவாண்டாவில் நிலம் பெரிய சிக்கலாக நின்றது. அப்போது ஓடியவர்கள் திரும்பினார்கள். 1959 முதலே வெளியேறி அண்டை நாடுகளில் இருந்தவர்களும் திரும்பினார்கள். ஒரே தோட்டத்தை இரண்டு குடும்பங்கள் தங்களுடையது என்றன, இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மக்கள் நெருக்கமோ ஆப்பிரிக்காவிலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்று. 2005-ல் வந்த நிலச் சட்டம் எல்லா நிலத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்றது. சரி, யார் அளப்பது? இருந்த சர்வேயர்கள் மிகச் சிலர். கல் நட்டு, டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்து ஒவ்வொரு துண்டாக அளந்தால் ஒரு தலைமுறை போதாது.

இந்த இடத்தில்தான் பல நாட்டு அனுபவம் கைகொடுத்தது. பிரிட்டன் முக்கியமாகப் பணமும் ஆலோசகர்களும் தந்தது. ஸ்வீடன், நெதர்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவையும் பங்களித்தன. முதலில் சில இடங்களில் சோதனை, அப்புறம் 2009 முதல் நாடு முழுவதும். படத்தின் ஒரு புள்ளி தரையில் 25 சென்டிமீட்டர் என்ற அளவில் எடுத்த வான்படங்களைப் பெரிய தாளில் அச்சிட்டுக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். நிலக்காரரும் பக்கத்து நிலக்காரர்களும் சேர்ந்து வரப்பு வழியே நடப்பார்கள். சில நாள் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் படத்தின் மேலேயே பேனாவால் எல்லையைக் கோடு போடுவார்கள். ஊரார் கண் முன்னால் ஒப்புக்கொண்ட கோடு அது. தகராறு இருந்தால் அதையும் எழுதிவைத்து, ஊர் மத்தியஸ்தர்களான அபுன்சிகளிடம் அனுப்புவார்கள். இப்படி 2013-க்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட துண்டுகளுக்கு எல்லை குறித்துவிட்டார்கள். ஒரு துண்டுக்கு ஆன செலவு 7 டாலருக்கும் குறைவு.

சர்வேயராக இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய மனமாற்றம் என்று தெரியும். சென்டிமீட்டரை விட்டுக்கொடுப்பது நம் தொழிலில் எளிதில்லை. ஆனால் சட்டப்படி ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் இருந்த ஒரு விதவைக்கு, எல்லையில் அரை மீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் தன் பெயர் போட்ட ஆவணம் கைக்கு வருவதுதான் முக்கியம். துல்லியத்தைத் தேவைப்படும்போது பிறகு கூட்டிக்கொள்ளலாம். சர்வதேச நில அளவையாளர் கூட்டமைப்பும் உலக வங்கியும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட வழிகாட்டி இந்தக் கொள்கையைத்தான் முன்வைக்கிறது. அந்தக் கூட்டமைப்பு 1878-ல் பாரிஸில் தொடங்கியது. அப்படிப்பட்ட பழைய தொழில் அமைப்பே இதற்குக் கையெழுத்துப் போட்டதால், பல நாட்டு நில அளவைத் துறைகளில் இதைப் பற்றிப் பேசும் தைரியம் வந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது பெண்கள் விஷயம். சோதனை நடந்த இடங்களை உலக வங்கி ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, சட்டப்படி திருமணம் பதிவு செய்த மனைவிகளின் உரிமை வலுத்திருந்தது. பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்களின் நிலை மோசமாகியிருந்தது. இது தெரிந்ததும், நாடு முழுவதும் போவதற்கு முன்பே நடைமுறையையும் படிவத்தையும் திருத்தினார்கள். படிவத்தில் தன் பெயர் எழுத ஒரு பெட்டி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே ஒரு பெண்ணின் நிலம் அவளிடம் தங்குகிறது. வெளியாள் ஒருவர் வந்து பார்த்துச் சொல்வதும், உள்ளூர் அரசு காது கொடுத்துக் கேட்டு மாற்றுவதும் நடந்தால் அதுதான் நல்ல ஒத்துழைப்பு.

குறையையும் சொல்ல வேண்டும். முதல் பதிவு முடிந்த பிறகு நிலம் கைமாறும்போது பதிவேட்டை மாற்ற, நிலம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சுமார் 30,000 ருவாண்டா பிராங்க் ஒரே கட்டணம் வைத்தார்கள். கால் ஏக்கர்கூட இல்லாத கிராமத்து விவசாயிக்கு அது தாங்காது. விளைவு, பலர் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு விற்றார்கள். போதாததற்கு, 2013 சட்டம் விவசாய நிலத்தை ஒரு ஹெக்டேருக்குக் கீழே உட்பிரிவு செய்யக் கூடாது என்றது. பெரும்பாலான துண்டுகள் அதைவிடச் சிறியவை. பாகப்பிரிவினை வீட்டுக்குள் நடந்தது, பதிவேட்டில் ஏறவில்லை. பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்கள், இறந்துபோன தாத்தா பெயரிலேயே பட்டா வைத்திருப்பவர்கள் நம் ஊரிலும் நிறைய. இந்தச் சிக்கலை விளக்கவே தேவையில்லை.

உதவித் திட்டங்களின் பலவீனம் இதுதான் என்பது என் கருத்து. முதல் பதிவுக்குப் பணம் எளிதாகக் கிடைக்கிறது, எண்ணிக்கை காட்டலாம். அதன் பிறகு வருடா வருடம் பதிவேட்டை உயிரோடு வைத்திருக்கும் எழுத்தர், கட்டணம், உள்ளூர் அலுவலகம் இவற்றுக்குப் பணம் தருபவர்கள் குறைவு.

நமக்கும் இந்தத் தொடர்பு புதிதில்லை. டெஹ்ராடூனில் இன்று ஐஐஆர்எஸ் (இந்தியத் தொலையுணர்வு நிறுவனம்) என்று இருக்கும் நிறுவனம் 1966-ல் நெதர்லாந்தின் ஐடிசி உதவியோடு தொடங்கியதுதான். அந்த ஐடிசியைத் தொடங்கிய ஸ்கெர்மர்ஹார்ன் போருக்குப் பிந்தைய நெதர்லாந்தின் முதல் பிரதமர், தொழிலால் நில அளவைக்காரர்.

நீங்கள் இந்தத் துறையில் வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ போவதாக இருந்தால், ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் வழியே இடம் அறியும் முறை), ட்ரோன் மட்டும் கற்றுக்கொண்டு நிற்காதீர்கள். அந்த நாட்டு வாரிசுச் சட்டத்தையும், பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2012-ல் நிலப்பதிவுக்கான ஐஎஸ்ஓ 19152 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. மனிதர், உரிமை, நிலத்துண்டு மூன்றையும் எப்படிச் சேர்த்து எழுதுவது என்று அதில் இருக்கிறது. முதலில் அதைப் படித்துவிட்டு, உங்கள் தாலுகாவின் அ-பதிவேட்டில் (நிலத்துண்டு வாரியான வருவாய்த்துறைப் பதிவேடு) ஒரு பக்கத்தை எடுத்து அதில் பொருத்திப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.