பதில்: ரோலரில் ஒட்டிய என்எஃப்சி ஸ்டிக்கரை போன் வாசிக்கவில்லை

போனில் கோளாறில்லை, போனைக் கிட்டக் கொண்டுபோனால் தகவல் தரும் அந்த என்எஃப்சி ஸ்டிக்கர் இரும்பில் ஒட்டியிருப்பதுதான் சிக்கல். மேசையில் வைத்து அதில் தகவல் பதிந்தபோது வேலை செய்தது, ஹட்டன் தேயிலை பெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் உடம்பில் ஒட்டியதும் மூச்சே இல்லை என்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது.

அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. போன் 13.56 மெகாஹெர்ட்ஸில் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்துதான் அதன் சுருள் மின்சாரம் எடுக்கிறது. பின்னால் உலோகத் தகடு இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பி அந்தப் புலத்தையே அமுக்கிவிடும். சுருள் இசைந்திருக்கும் அதிர்வெண்ணும் (ஒத்ததிர்வு) விலகிப்போகும். சிப்புக்குக் கண் விழிக்கக்கூடத் தெம்பு கிடைக்காது.

புது ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டாமல், ரோலரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடித்துப் போனைக் காட்டிப் பாருங்கள். வாசித்தால் சந்தேகமே வேண்டாம். (ஐபோன் என்றால் மேல் விளிம்பைக் காட்ட வேண்டும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் முதுகுப் பக்கம். திரைப் பூட்டைத் திறந்துவிட்டே காட்டுங்கள்.)

ஃபெரைட் படலம் (காந்தப்புலம் உலோகத்துக்குப் போகாமல் தடுக்கும் பொருள்) வைத்து, உலோகத்துக்கென்றே விற்கும் டேக் வாங்குங்கள். கொஞ்சம் தடிப்பு, விலையும் கூடத்தான். ஒட்டியதை உரித்து மறுபடி பாவிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், மெல்லிய சுருள் அறுந்துபோகும்.

தேயிலை உலர்த்தும் டிரையருக்கு மட்டும் இந்த டேக்கும் சரிவராது. சூட்டில் பசை விட்டுவிடும். பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.