கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்திருந்தது

அன்புள்ள ஐயா,

தகடூர் (பழைய தருமபுரி), அதை ஆண்ட அதியமான், பாரமகால் (நம் பகுதியின் பழைய பெயர்) என்று நீங்கள் எழுதுவதையெல்லாம் விடாமல் படிக்கிறேன். ஒரு குறை. பழைய பெருமையை எழுதும் அளவுக்கு இன்றைய ஊரை நீங்கள் எழுதுவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகராகி இருபது வருடம் தாண்டிவிட்டது. இன்னும் ஊருக்கு ரயில் இல்லை. மகள் சென்னையில் படிக்கிறாள். லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் மூட்டை முடிச்சோடு ஜோலார்பேட்டை போய் ஏற்றிவிட்டு வருகிறேன். நம்மைப் பின்தங்கிய பகுதி என்று வெள்ளைக்காரன் ஒதுக்கினான், பின்னால் வந்த கட்சிக்காரர்களும் ஒதுக்கிவிட்டார்கள். சிலர் சேர்ந்து கையெழுத்து இயக்கம் தொடங்குகிறோம். நீங்களும் போடுவீர்களா?

க., கிருஷ்ணகிரி

அன்புள்ள க.,

குறையை ஒப்புக்கொள்கிறேன். அதியமானை விடுவதாக இல்லை, ஆனால் ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரனை மட்டும் இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடுங்கள். உங்கள் ஊருக்கு ரயில் விட்டவனே அவன்தான். 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பாதை. அடுத்த வருடமே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று. இரண்டும் இரண்டரை அடிக் குறுகிய பாதைகள். தருமபுரிப் பாதை 1913இல் ஓசூர் வரைக்கும் நீண்டது.

நம்மேல் இருந்த பாசத்தில் போடவில்லை. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா (அன்று நாம் அதில்தான் இருந்தோம்) செத்துச் சுண்ணாம்பானது. மெயின் லைன் ஸ்டேஷன் வரை தானியம் வந்தாலும், அங்கிருந்து உள்ளே கொண்டுபோக மாடு வேண்டும். பஞ்சத்தில் முதலில் சாவது மாடு. அடுத்த பஞ்சத்துக்காவது மூட்டை உள்ளே போகட்டும் என்ற கணக்கில் வந்தவை இந்தப் பாதைகள். என் தாத்தா கூட அந்த ரயிலில் ஏறிப் போனதாகச் சொன்னதில்லை. புளி மூட்டை ஏற்றியதாகத்தான் சொல்வார்.

பஞ்சத்துக்காகப் போட்ட ரயில் மற்ற வருஷங்களில் என்ன சம்பாதிக்கும்? போதாக்குறைக்கு மோட்டார் பஸ் வந்தது. வீட்டு வாசலில் நிற்கிற பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலடிக்கு யார் நடப்பார்கள்? உங்கள் ஊர்ப் பாதை 1936இல் மூடப்பட்டது. எங்கள் தருமபுரிப் பாதை 1941இல், யுத்த காலத்தில். ரயில் நின்றதற்காகத் தாத்தா ஒருநாளும் வருத்தப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது. போனது தெரியாமலே போயிருக்கிறது.

1960களில் சேலம்–பெங்களூரு பாதை போட்டார்கள். தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் மறுபடி ரயில் பார்த்தன. அப்படியும் திரும்பி வராதவை எவை என்று பாருங்கள். மொரப்பூர்–தருமபுரி ஒன்று, திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி ஒன்று. சென்னைப் பாதையோடு நம்மைக் கோத்திருந்த இரண்டு துண்டுகள். இன்று எங்கள் ஊர்ப் பையன் ஏறி உட்கார்ந்தால் பெங்களூரில் இறங்கலாம். சென்னைக்கு என்றால் பஸ் பிடித்து மொரப்பூர் போக வேண்டும்.

எங்கள் 36 கிலோமீட்டர் மொரப்பூர் பாதைக்கு 2016–17 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்தது. அடிக்கல் நட்டது 2019 மார்ச்சில். அந்த மாதமே நாடாளுமன்றத் தேர்தல் தேதியும் வந்துவிட்டது. அடிக்கல் நடுவதற்கு அரை நாள் போதும். நிலம் எடுப்பது அப்படியல்ல. பழைய ரயில் போன தடத்தில் எழுபது எண்பது வருடத்தில் வீடும் தெருவும் முளைத்துவிட்டன. புதிதாக நிலம் எடுக்க வேண்டும். எடுத்துக் கொடுப்பது மாநில அரசின் வேலை, தண்டவாளம் போடுவது ரயில்வேயின் வேலை. இவரைக் கேட்டால் அவரைக் காட்டுவார், அவரைக் கேட்டால் இவரை. தேர்தல் மேடைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு கிடையாது. உங்கள் பக்கம் அடிக்கல் கூட இல்லை, சர்வேதான். அளந்த தூரத்தையெல்லாம் கூட்டினால் காசிக்குப் போய் வந்திருக்கலாம்.

இனி உங்கள் மனு. "மாவட்டத் தலைநகர்", "பின்தங்கிய பகுதி" என்ற இரண்டையும் அடித்துவிடுங்கள் என்பேன். ஒரு பாதை போட்டால் வருவாய் என்ன என்று பார்ப்பது ரயில்வேயின் வழக்கம். 1936இல் நம்மைக் கவிழ்த்ததும் அந்தக் கணக்குதான். கண்ணீரை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்கள் ஊர் மாங்கூழ் ஆலைகளிலிருந்து சீசனில் எத்தனை லாரி சென்னைத் துறைமுகத்துக்குப் போகிறது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்திலிருந்து திருப்பத்தூர், ஜோலார்பேட்டை, குப்பம் பக்கம் ரயில் பிடிக்க எத்தனை பேர் கிளம்புகிறார்கள்? நான்கு பையன்களை நோட்டோடு நான்கு வாரம் நிறுத்துங்கள். அந்த எண்ணிக்கையை முதல் பக்கத்தில் போடுங்கள். ரயில் கேட்டால் மட்டும் போதாது, எந்த நேரத்துக்கு வண்டி வேண்டும் என்றும் கேளுங்கள். தருமபுரிக்கு ஸ்டேஷன் இருக்கிறது. எனக்குத் தேவையான நேரத்தில் அங்கே வண்டி இல்லை. அனுபவத்தில் சொல்கிறேன்.

கையெழுத்து கட்டாயம் போடுகிறேன். மனுவை அனுப்பிவையுங்கள். மகளை ஏற்றிவிடப் போய்வந்த பஸ் டிக்கெட்டுகளைத் தூக்கி எறிந்துவிடவில்லையே?